முதல் வார இறுதிக் கணக்கை வைத்து முடிவு கட்டலாமா?

முதல் வார இறுதி வசூல் பட்டியல் ஒன்றைக் காட்டி, சிறிய குடும்பப் படங்களுக்கு இனித் தியேட்டரில் இடமில்லை, ஓடிடியே கதி என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். அவசரப்பட்டுவிட்டார் என்றே தோன்றுகிறது.

2025 மே 1 அன்று சூர்யாவின் 'ரெட்ரோ'வுடன் ஒரே நாளில் வந்தது 'டூரிஸ்ட் ஃபேமிலி'. இயக்குநர் அபிஷன் ஜீவிந்துக்கு அது முதல் படம். சசிகுமார், சிம்ரன், இலங்கையிலிருந்து சென்னைக்கு வந்து சேரும் ஒரு குடும்பம், அவ்வளவுதான். தொடக்கத்தில் கிடைத்த காட்சிகள் கொஞ்சம். பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லியே கூட்டம் ஏறியது. நான் இரண்டாவது வாரம் போனபோது டிக்கெட் கிடைக்காமல் அடுத்த காட்சிக்குக் காத்திருந்தேன். (என் அம்மா தியேட்டர் பக்கம் வந்தே பல வருடம் ஆகியிருந்தது!) ஒரே மாதத்தில் ஓடிடிக்கு வந்துவிட்டது என்பது வேறு வருத்தம்.

கட்டுரை தொடாத விஷயம் ஒன்று உண்டு. மொத்த வசூல் என்று போடும் கோடிகள் தயாரிப்பாளர் கைக்கு வருவதில்லை. வரி போக, தியேட்டர்காரர் பங்கு போக மிஞ்சுவதுதான் அவருக்கு. அதிலும் வாரம் ஏற ஏற, படத்தைத் தியேட்டர்களுக்குக் கொடுக்கும் விநியோகஸ்தர் பக்கத்துப் பங்கு குறைந்து தியேட்டர் பங்கு கூடும். பெரிய நடிகர் படம் முதல் மூன்று நாளிலேயே அறுவடையை முடித்துவிடுகிறது. சிறிய படத்துக்குக் கூட்டம் வருவதே பங்கு குறைந்த பிறகுதான். கட்டுரையிலுள்ள பட்டியலோ முதல் வார இறுதியோடு நின்றுவிடுகிறது.