கர்ட் வார்னர் ஒரே இரவில் வந்தவர் அல்ல

"மளிகைக் கடையில் வேலை பார்த்த கர்ட் வார்னரை நேராக சூப்பர் பௌலில் ஆட வைத்தார்கள்" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். வார்னர் அமெரிக்கக் கால்பந்தில் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்; சூப்பர் பௌல் அந்த ஆட்டத்தின் முதன்மை லீகின் இறுதிப் போட்டி. கடை வேலை உண்மைதான். 1994-இல் கிரீன் பே பேக்கர்ஸ் அணியின் பயிற்சி முகாமிலிருந்து விலக்கப்பட்ட பிறகு, அயோவாவில் ஒரு மளிகைக் கடையில் மணிக்கு 5.50 டாலருக்கு இரவெல்லாம் அலமாரிகளில் சரக்கு அடுக்கினார்.

ஆனால் அதற்கும் சூப்பர் பௌலுக்கும் நடுவே ஐந்து வருட உழைப்பு இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். 1995 முதல் 1997 வரை அயோவா பார்ன்ஸ்டார்மர்ஸ் அணிக்காக உள்ளரங்க அமெரிக்கக் கால்பந்து ஆடினார். அந்தக் களம் 50 கெஜம்தான், வழக்கமானதில் பாதி. பந்து கைக்கு வந்த கணமே எறிய வேண்டும், யோசிக்க நேரமே கிடைக்காது. பின்னாளில் எல்லோரும் வியந்த அந்த வேகம் இங்கே பழகியது என்றே நான் நம்புகிறேன். அப்புறம் 1998-இல் ஐரோப்பிய லீகில் ஆம்ஸ்டர்டாம் அணி.

1999-இல் ராம்ஸ் அணியின் முதல் குவார்ட்டர்பேக் டிரென்ட் கிரீன் முழங்காலில் அடிபட்டு விலக, அந்த இடத்தில் வார்னருக்கு வாய்ப்பு வந்தது. அந்தப் பருவத்தில் 41 டச்டவுன் (எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைச் சேர்த்துப் புள்ளி பெறுவது) எறிந்தார். சூப்பர் பௌலில் இவர் எறிந்த பந்துகள் அணியை மொத்தம் 414 கெஜம் முன்னேற்றின. ஆட்டம் 16-16 என்று நிற்கும்போது சக வீரர் ஐசக் புரூஸுக்கு எறிந்த 73 கெஜப் பந்துதான் கோப்பையைத் தந்தது.