280 கிலோவுக்குள் 16 வருடம்: எஸ்கில்ட் எப்பெசென்

லைட்வெயிட் (எடை வரம்புள்ள) படகோட்டம் என்றாலே "பட்டினி கிடந்து பதக்கம் வாங்குற விளையாட்டு" என்று ஒரு பேச்சு உண்டு. பட்டினி கிடக்கிறவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் நீடிப்பதில்லை. நீடித்தவர் யார் என்று பார்த்தால் டென்மார்க்கின் எஸ்கில்ட் எப்பெசென்தான் முதலில் வருவார். 1996 அட்லாண்டா தங்கம், 2000 சிட்னி வெண்கலம், 2004 ஏதென்ஸ் தங்கம், 2008 பெய்ஜிங் தங்கம், 2012 லண்டன் வெண்கலம். ஐந்துமே லைட்வெயிட் நால்வர் படகில். லண்டனில் அவருக்கு வயது 40.

இதில் எனக்குப் பெரிதாகத் தெரிவது பதக்கத்தைவிடத் தராசு. ஆண்களில் ஒருவர் 72.5 கிலோவைத் தாண்டக் கூடாது, குழுவின் சராசரி 70. அதாவது நால்வருக்கும் சேர்த்து 280. ஒருவர் 72.5 என்று நின்றால் மீதி மூவருக்கும் 207.5தான். உயரமான ஒருவருக்காக இன்னொருவர் தன் சோற்றைக் குறைக்க வேண்டும். குழுவில் மனக்கசப்பு முளைக்க இதைவிட நல்ல இடம் வேண்டாம்.

எடை போடுவது பந்தயத்துக்கு 2 மணி நேரம் முன்பிலிருந்து 1 மணி நேரம் முன்பு வரைக்குள். முந்தின நாளே நின்று காட்டிவிட்டு இரவெல்லாம் சாப்பிட்டுத் தேறும் வசதி கிடையாது. முதல் சுற்று, அரையிறுதி, இறுதி என்று போட்டி இருக்கிற ஒவ்வொரு நாளும் இதே கதை. கடைசி நேரத்தில் வியர்வையை ஓட்டி 2 கிலோ இறக்கினால் என்ன ஆகும்? ரத்தத்தின் அளவு குறையும், அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக அடிக்கும். மாவுச்சத்தைக் குறைத்து இறக்கினாலோ, தசையில் சேமிப்பாக உள்ள கிளைகோஜன் போகும்; ஒரு கிராமோடு ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரும் போவதால் தராசு சந்தோஷப்படும், கடைசி 500 மீட்டரில் கால் அழும். தராசிலிருந்து இறங்கி வந்ததும் வெறும் தண்ணீரை மடமடவென்று குடித்தால் வயிறு குலுங்குமே தவிர ரத்தத்தில் நிற்காது. உப்பு கலந்த பானம், சீக்கிரம் செரிக்கும் மாவுச்சத்து, அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. முந்தின நாள் நார்ச்சத்துள்ள காய்கறியைத் தவிர்த்தாலே குடல் எடையில் சில நூறு கிராம் குறையும்.

இத்தனையையும் ஒருவர் ஒரு ஒலிம்பிக்குக்குச் செய்யலாம். 16 வருடம் செய்ய வேண்டுமானால் ஆண்டு முழுவதும் எல்லைக்குப் பக்கத்திலேயே உடம்பை வைத்திருப்பதுதான் வழி. வேறு குறுக்குவழி இல்லை.

எடைக்கு அடுத்து ஆட்கள். ஐந்து ஒலிம்பிக்கிலும் படகில் இருந்தவர் எப்பெசென் ஒருவர்தான். தாமஸ் எபர்ட் மூன்றில், விக்டர் ஃபெடர்சன் இரண்டில், மார்ட்டன் யோர்கென்சன் எப்பெசெனோடு இரண்டில். ஆளுக்கு ஒரு துடுப்பு, பக்கத்துக்கு இரண்டு பேர். சுக்கான் பிடிக்கத் தனி ஆள் கிடையாது. ஒருவருடைய காலணியில் கம்பி இணைத்திருக்கும், அவர் துடுப்பு போட்டுக்கொண்டே பாதத்தைத் திருப்பி வழி பிடிப்பார். புதிதாக வந்தவரின் துடுப்பு ஒரு கணம் தாமதமாகத் தண்ணீரில் இறங்கினாலும் படகு சாயும். எதிர்ப்பக்கம் துடுப்பைத் தூக்க இடம் இருக்காது, இழுவை கலையும். கனமான ஆட்கள் பலத்தால் அதைச் சமாளிக்கலாம். 70 கிலோக்காரர்களுக்கு அந்த உபரி இல்லை.

லண்டன் இறுதியைப் பாருங்கள். தென்னாப்பிரிக்கா 6:02.84, பிரிட்டன் 6:03.09, டென்மார்க் 6:03.16. தங்கத்துக்கும் வெண்கலத்துக்கும் 0.32 நொடி, 2000 மீட்டரில் இரண்டு மீட்டருக்கும் குறைவு. இரண்டு நாள் கழித்து எடை வரம்பில்லாத நால்வர் படகில் பிரிட்டன் தங்கம் வென்ற நேரம் 6:03.97! அன்றைக்குக் காற்றும் தண்ணீரும் வேறு, அதனால் நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாதுதான். ஆனாலும் "இது இரண்டாம் தரம்" என்கிறவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

இந்தப் பந்தயம் ஒலிம்பிக்கில் மொத்தம் ஆறு முறைதான் நடந்தது, 1996 முதல் 2016 வரை. ஆறிலும் டென்மார்க்குக்குப் பதக்கம். பிறகு லைட்வெயிட் நால்வர் படகு ஒலிம்பிக்கிலிருந்து போனது. 2024 பாரிஸோடு மிஞ்சியிருந்த லைட்வெயிட் இருவர் பந்தயங்களும் போயின. 2028இல் அந்த இடத்துக்குக் கடற்கரையில் ஓடிப்போய்ப் படகு ஏறும் பீச் ஸ்பிரின்ட் வருகிறது. எடையைக் குறைக்கும் கொடுமைக்கு இதுதான் மருந்து என்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. தராசு விதியைத் திருத்தியிருக்கலாம், பிரிவையே தூக்கியிருக்க வேண்டாம். டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவின் அர்ஜுன் லால் ஜாட்டும் அர்விந்த் சிங்கும் 11ஆம் இடம் பிடித்தது லைட்வெயிட் இருவர் படகில்தான். அந்த உடல்வாகுள்ள அடுத்த ஜோடி இனி 90 கிலோ ஆட்களோடு ஒரே வரிசையில் நிற்க வேண்டும்.