ஜிப்சம் எல்லா உப்பு நிலத்துக்கும் தீர்வு ஆகாது

மரக்கன்று நடும் முன் ஜிப்சம் இட்டால், கடலோர உப்பு நிலம் எதுவானாலும் சீராகிவிடும் என்று ஒரு நண்பர் எழுதியதைப் பலரும் பகிர்ந்துள்ளனர். ஜிப்சத்தின் கால்சியம், மண்துகளில் ஒட்டியிருக்கும் சோடியத்தை விலக்குவதால், அது சோடியம் மிகுந்த களர் நிலத்துக்கே உரியது. தொண்டி, திருப்பாலைக்குடி பக்கம் கோடையில் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும், கரையும் உப்பு மிகுந்த உவர் நிலத்திலோ, வரப்பை உயர்த்தி மழைநீரைத் தேக்கி, உப்பைக் கரைத்து வடிகால் வழியே வெளியேற்றத்தான் வேண்டும். (ஜிப்சமும் ஓர் உப்புதானே, அதை இட்டால் அங்கே உப்பு குறையாது!) ஐயமிருப்பவர்கள் அரசு மண் பரிசோதனை நிலையத்தில் மண்ணைக் கொடுத்து அறிக்கையைப் பார்க்கலாம்: நிறைவுற்ற மண்சாற்றின் (மண்ணை நீரால் முழுதும் நனைத்து வடித்தெடுத்த நீர்) உப்பளவைக் காட்டும் மின் கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசீமென்ஸைத் தாண்டி, கார அமில நிலை (pH) 8.5க்குள் இருந்தால் அது உவர் நிலம். கடத்துதிறன் 4க்குள் இருந்து, கார அமில நிலை 8.5ஐத் தாண்டினால் களர். இரண்டுமே மிகுந்திருந்தால் ஜிப்சமும் வேண்டும், வடிகாலும் வேண்டும்.