விளிம்பைக் காட்டாமல் விற்றுவிட்டு ரிட்டர்ன் கிடையாதாம்!

மூன்று நாளாக அந்தக் காசை எடுத்துப் பார்ப்பதும் டப்பாவில் போடுவதுமாக இருக்கிறேன். வயிறு எரிகிறது. இதை எழுதாமல் எனக்குத் தூக்கம் வராது.

1911ஆம் வருடத்து ஐந்தாம் ஜார்ஜ் ஒரு ரூபாய். காசு சேர்ப்பவர்கள் ‘பன்றி ரூபாய்’ என்பார்களே, அதுதான். மன்னரின் அங்கியில் தெரியும் யானை பன்றி மாதிரி இருக்கிறது என்று அப்போது எதிர்ப்புக் கிளம்பியதால், வெளியே விடாத காசுகளை உருக்கிவிட்டு, 1912இல் யானையைத் திருத்தி அடித்தார்கள். அதனால் நல்ல நிலையில் உள்ள 1911 அவ்வளவு சுலபமாகக் கிடைக்காது. பத்து வருடமாகத் தேடினேன். கடைசியில் ஒரு ஏல நிறுவனத்தின் கேட்லாக்கில் வந்தது. பூ பக்கம், தலை பக்கம் இரண்டும் பளிச்சென்று படம். ‘புழங்காத காசு’ என்று விவரம். வீட்டில் சொல்லாமல் சேர்த்து வைத்திருந்த பணத்தை எல்லாம் போட்டுக் கேட்டேன். ஏலம் எனக்கே விழுந்தது. ஏல விலைக்கு மேல் வாங்குபவர் கமிஷன், அதற்கு மேல் ஜிஎஸ்டி, அப்புறம் கூரியர், இன்சூரன்ஸ். எல்லாவற்றையும் கட்டினேன்.

பார்சலைப் பிரித்து, காசை இரண்டு விரலால் பிடித்து விளிம்பில் நகத்தை ஓட்டினேன். ரூபாயின் விளிம்பைச் சுற்றி வரிவரியாகக் கோடு இருக்கும். நகம் கரகரவென்று ஓட வேண்டும். கிரீடத்துக்கு நேர் மேலே வந்தபோது நகம் வழுக்கியது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் அரை சென்டிமீட்டருக்குக் கோடே இல்லை, அரத்தால் ராவிய தடம்தான் இருக்கிறது. அதன் ஓரத்தில் பொடிவைத்துப் பற்றவைத்ததன் மிச்சம் மங்கலாக மஞ்சள் அடிக்கிறது. யாரோ ஒரு காலத்தில் வளையம் பற்றவைத்து மாலையில் கோத்திருக்கிறார்கள். அது தப்பே இல்லை. நம் பாட்டிகளின் கழுத்தில் எத்தனையோ ரூபாய் அப்படித்தான் தொங்கியது. ஆனால் வளையத்தைப் பிடுங்கி, ராவி, மெருகேற்றி, அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் ‘புழங்காத காசு’ என்று விற்பது என்ன நியாயம்? தராசில் வைத்தேன். 11.66 கிராம் நிற்க வேண்டிய காசு 11.48 காட்டியது.

அன்றைக்கே போன் செய்தேன். “சார், போலின்னு நிரூபிச்சாதான் ரிட்டர்ன். இது ஒரிஜினல்தானே? மும்பையில ரெண்டு நாள் பிரிவியூ வெச்சோமே, வந்து பார்த்திருக்கலாமே” என்றார் அந்த மனிதர்.

ஒரு காசின் விளிம்பைத் தொட்டுப் பார்க்க நான் கரூரிலிருந்து மும்பைக்கு ரயில் ஏற வேண்டுமா? ஊர் ஊராக உட்கார்ந்திருப்பவர்களிடம் போன் வழியாகவே ஏலம் கேட்க வைத்துப் பணம் வாங்கத் தெரிகிறது. அதே ஆட்களுக்கு விளிம்பை ஒரு படம் எடுத்துப் போட, எடையை ஒரு வரி எழுதத் தெரியாதா?

சரி, போலி என்றால் மட்டும் எடுத்துக்கொள்வார்களா? வெளிநாட்டுத் தரநிர்ணய நிறுவனத்தின் சான்று வேண்டுமாம். 1972ஆம் வருடத்துத் தொல்பொருள் சட்டத்தின்படி நூறு வருடம் தாண்டிய காசு தொல்பொருள். தனியாள் ஒருவர் அதை நாட்டை விட்டு வெளியே அனுப்பவே முடியாது. வருடம் முழுக்கப் பழைய காசை விற்கிறவர்களுக்கு இது தெரியாமலா இருக்கும்? வாங்கியவன் தாண்டவே முடியாத வேலியைப் போட்டு வைத்துக்கொண்டு, ‘எங்களிடம் ரிட்டர்ன் வசதி உண்டு’ என்று எழுதுகிறார்கள். 1930ஆம் வருடத்துச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 15ஆவது பிரிவு, விவரம் சொல்லி விற்றால் சரக்கு அந்த விவரத்துக்குப் பொருந்த வேண்டும் என்கிறது. அதைச் சொன்னேன். ‘உள்ளது உள்ளபடி விற்பனை’ என்ற வரியைத் திருப்பி அனுப்பினார்கள்.

வாங்கியவன் புலம்பல்தானே என்று நினைக்காதீர்கள், நான் விற்றும் அடிபட்டிருக்கிறேன். தாத்தாவின் தகரப் பெட்டியிலிருந்த 1835 நான்காம் வில்லியம் ரூபாயை இரண்டு வருடத்துக்கு முன் வேறொரு நிறுவனத்தில் ஏலத்துக்குக் கொடுத்தேன். ஓரமெல்லாம் நீலமும் ஊதாவுமாக நிறம் ஏறி, பார்க்கவே அவ்வளவு அழகாக இருக்கும். நல்ல விலைக்குப் போனது. பணமும் வந்தது. ஒன்றரை மாதம் கழித்து, வாங்கியவர் திருப்பிவிட்டார், பணத்தை அனுப்புங்கள் என்றார்கள். வாங்கியவர் பெரிய டீலராம், அவருக்கு மட்டும் நாள் கணக்கு இல்லை போலிருக்கிறது. திரும்பி வந்த காசைப் பார்த்து அழுதேவிட்டேன். புளி போட்டுத் தேய்த்த சொம்பு மாதிரி வெளுத்துப்போய், முகமெல்லாம் நூல் நூலாகக் கீறல். 185 வருடத்துக்கு மேலாகத் தானாக ஏறிய நிறம் அது. இனி யார் நினைத்தாலும் திரும்பாது. போனில் நான் எடுத்து வைத்திருந்த படத்தை அனுப்பினேன். “அவர் வந்தபடியே திருப்பினதா சொல்றார்” என்றார்கள். கேட்லாக்கில் படம் போட்டதற்கான கட்டணத்தையும் என் தலையில் கட்டினார்கள்.

எனக்கு ஆத்திரம் எதனால் என்றால், இவர்கள் வாங்குபவரிடமும் கமிஷன் எடுக்கிறார்கள், விற்பவரிடமும் எடுக்கிறார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் நிற்பதற்குத்தானே அந்தக் காசு? போகும்போது எடை போட்டு, விளிம்போடு படம் எடுத்து, பிரித்தால் தெரிகிற உறையில் சீல் வைத்து அனுப்பட்டும். உறை பிரியாமல் பத்து நாளைக்குள் வந்தால் மட்டும் திரும்ப எடுக்கட்டும். அந்தப் பத்து நாளும் விற்றவரின் பணத்தைத் தங்களிடமே வைத்திருக்கட்டும். டீலருக்கும் எனக்கும் ஒரே கணக்கு. உறையிலேயே விளிம்பு தெரியும், எடை கேட்லாக்கில் இருக்கும், பிரிக்காமலே முடிவு பண்ணிவிடலாம். இதற்கு மேல் என்ன பெரிய செலவு? ஒரு தராசும் ஒரு கேமராவும் இல்லாத ஏல நிறுவனம் எங்கே இருக்கிறது?

நேற்று அந்த நிறுவனத்தின் அடுத்த கேட்லாக் வந்தது. அதில் ஒரு 1939 ரூபாய் இருக்கிறது. 1938ஆம் வருடத்துக் காசின் கடைசி எண்ணை 9 ஆகத் திருத்திப் போலி செய்கிறார்கள் என்று சேர்ப்பவர்கள் எல்லோரும் பயப்படுகிற வருடம். விளிம்புப் படமும், வருடம் போட்ட இடத்தைப் பெரிதாக்கிய படமும், எடையும் அனுப்புங்கள் என்று மெயில் போட்டேன். இன்று காலையில் பதில் வந்தது: “பிரிவியூவுக்கு நேரில் வரவும்.”