டிஸ்க் சோதனையில் 'எஸ்' வந்தால் மண்டோர் ஆக முடியாதா?

டிஸ்க் என்பது ஆட்கள் நடந்துகொள்ளும் விதத்தை டி, ஐ, எஸ், சி என நான்கு வகையாகப் பிரிக்கும் வினாத்தாள். மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துப் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: 'டாக்டர் மார்ஸ்டன் 1928-இல் கண்டுபிடித்த டிஸ்க் சோதனை அறிவை அளக்கும், எஸ் வந்தவர் மண்டோர் (தோட்டத்தில் வேலையாட்களை மேற்பார்ப்பவர்) ஆக முடியாது.'

இது தவறு. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மார்ஸ்டன் 1928-இல் எழுதியது உணர்வுகள் பற்றிய கோட்பாடு மட்டுமே; சோதனைத் தாள் எதையும் அவர் தயாரிக்கவில்லை. அதிலிருந்து வேலையிடத்துக்கு வினாத்தாள் செய்தவர் வால்டர் கிளார்க், அதுவும் பல ஆண்டுகள் கழித்து.

அப்புறம், இது அறிவையோ திறமையையோ அளப்பதே இல்லை. நம்மைப் பற்றி நாமே சொல்லும் பதில்களை வகைப்படுத்துகிறது, அவ்வளவுதான். எஸ் என்றால் இன்று நிதானம், பொறுமை. செம்பனைக் காட்டில் ஆட்களை அரவணைத்து வேலை வாங்கும் மண்டோருக்கு அது பெரிய பலம். 'எவரிதிங் டிஸ்க்' என்ற பெயரில் இந்தச் சோதனையின் ஒரு வடிவத்தை வெளியிடும் வைலி நிறுவனமே ஆளெடுப்புக்கு அதைப் பரிந்துரைப்பதில்லை.