மாங்கா முடியாததால்தான் இரண்டாம் சீசன் கெட்டதா?

'தி பிராமிஸ்டு நெவர்லாண்ட்' என்ற மாங்காவை (ஜப்பானியக் காமிக்ஸ்) வைத்து எடுத்த அனிமேயின் (அனிமேஷன் தொடர்) இரண்டாம் சீசனைத் திட்டும் பதிவுகளுக்கு நடுவே ஒரு சமாதானமும் சுற்றுகிறது: "பாவம், அப்போது மாங்கா முடியவில்லை, அதனால் ஸ்டூடியோ தானே ஒரு முடிவை எழுதிவிட்டது." தவறு. மாங்கா 181 அத்தியாயங்களோடு 2020 ஜூனிலேயே முடிந்துவிட்டது, சீசன் ஒளிபரப்பானதோ 2021 ஜனவரியில்.

முதல் சீசன் 12 எபிசோடில் 37 அத்தியாயங்களை நிதானமாகச் சொன்னது. மீதி இருந்த 144 அத்தியாயங்களை 11 எபிசோடில் அடைக்கப் போனால் என்ன ஆகும்? மாங்காவில் வரும் கோல்டி பாண்ட் பகுதி மொத்தமாகப் போனது, யூகோ என்ற பாத்திரமே இல்லை, கதாநாயகி எம்மா பேய்களின் உலகத்தையே மாற்றும் கட்டமெல்லாம் கடைசி எபிசோடில் கல்யாண ஆல்பம் புரட்டுகிற மாதிரி அசையாப் படங்களாக ஓடி முடிந்தது. ரசிகர்கள் கொதித்தது நியாயம்தான்.

அப்புறம், மாங்கா எழுதிய கையு ஷிராய்க்கு இதில் சம்பந்தமே இல்லை என்பதும் சரியல்ல. எபிசோடுகளில் வரும் பெயர்ப்பட்டியலில் கதையமைப்புக்கு அவர் பெயர் இருந்தது, கடைசி இரண்டு எபிசோடுகளில்தான் அது காணாமல் போனது. ஏன் என்று ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள், எல்லாம் ஊகம்.