டிஸ்னியின் சுரங்கத்தைப் பார்த்தால் மாயம் போய்விடுமா?

"பார்க்குக்குள்ளே போகவே அவ்வளவு டாலர். அதுக்கு மேல, குப்பைக் குழாயைப் பார்க்கவும் காசா?" என்று கேட்டார் என் மச்சான். அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில், ஆர்லாண்டோவில் இருக்கும் டிஸ்னியின் மேஜிக் கிங்டம் பார்க்கைத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போய்க் காட்டும் 'கீஸ் டு தி கிங்டம்' டூருக்கு நான் புக் செய்திருந்தேன். ஆளுக்கு நூறு டாலருக்கு மேல். பார்க் டிக்கெட் தனி. ஏறக்குறைய ஐந்து மணி நேர நடை. 16 வயதுக்குக் கீழே யாருக்கும் அனுமதி இல்லை. பின்பக்கத்தில் போட்டோவும் எடுக்கக் கூடாது.

ரகசியம் தெரிந்துவிட்டால் அந்த இடத்தின் மாயம் போய்விடும் என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஹான்டட் மேன்ஷன் என்ற பேய் வீட்டு ரைடில் ஒரு பெரிய கூடம் வரும். அதில் பேய்கள் ஜோடி ஜோடியாகச் சுழன்று ஆடும். அந்தப் பொம்மைகள் உண்மையில் கூடத்தில் இல்லை. நாம் போகும் பாதைக்கு மேலும் கீழும் ஒளித்து வைக்கப்பட்டிருக்கின்றன. நமக்கும் கூடத்துக்கும் நடுவே நிற்கும், ஊடுருவிப் பார்க்கக்கூடிய பெரிய கண்ணாடியில் அவற்றின் பிம்பம்தான் தெரிகிறது. 1862இல் பெப்பர் என்பவர் லண்டனில் செய்து காட்டிய மேடை வித்தை இது. தெரிந்துகொண்டு பார்த்தபோதும் என் கண் ஏமாறத்தான் செய்தது. விஷயம் தெரிந்து ஏமாறுவதில் சுகம் கூடுதல்.

பார்க்குக்குள் நுழைந்ததும் வரும் கடைத்தெருவான மெயின் ஸ்ட்ரீட்டின் மாடி ஜன்னல்களில் ஏதேதோ கம்பெனிப் பெயர்கள் எழுதியிருக்கும். நாம் அண்ணாந்துகூடப் பார்க்க மாட்டோம். அதில் ஒரு ஜன்னலில் இருப்பவை, 1960களில் இந்த நிலத்தை ஊருக்குத் தெரியாமல் வாங்கிப் போட டிஸ்னி உருவாக்கிய டம்மி கம்பெனிகளின் பெயர்கள். வாங்குவது யார் என்று தெரிந்தால் விலை ஏறிவிடுமே! அப்படிச் சத்தமில்லாமல் சேர்த்தது சுமார் 27,000 ஏக்கர். நம்மூர் ரியல் எஸ்டேட்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் செய்த காரியத்தைப் பெருமையாகக் கடை வாசலிலேயே எழுதி வைக்கும் துணிச்சல் இருக்கிறதே, அதுதான் எனக்குப் பிடித்தது.

சரி, சுரங்கத்துக்கு வருவோம். ஊழியர்கள் நம் கண்ணில் படாமல் போய்வரும் வழி இது; 'யூடிலிடோர்' என்கிறார்கள். சுரங்கம் என்றாலும் இது பூமியைத் தோண்டிக் கட்டியது இல்லை. ஃப்ளோரிடாவில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் வந்துவிடும். அதனால் தரைமட்டத்திலேயே நடைபாதைகளைக் கட்டி, எதிரே ஏரி வெட்டிய மண்ணைக் கொட்டி மூடி, அதன்மேல் பார்க்கை எழுப்பினார்கள். 1971இல் திறந்தது முதல் மக்கள் நடப்பது உண்மையில் மாடியில்தான்! கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டில் கௌபாய் உடுப்பில் ஒரு ஊழியர், எதிர்கால உலகத்தைக் காட்டும் பகுதி வழியாக நடந்து போனது வால்ட் டிஸ்னியை உறுத்தியதாம். அந்த உறுத்தலுக்கு வந்த பதில் இது என்பார்கள்.

கீழே அழகு எதுவும் கிடையாது. ட்யூப் லைட், கான்கிரீட், எந்தப் பகுதிக்குக் கீழே நிற்கிறோம் என்று காட்டச் சுவரில் வண்ணப் பட்டை. பேட்டரி வண்டிக்கு ஒதுங்கி நிற்க வேண்டும். தலைக்கு மேலே தடித்த குழாய்களில் காற்று உறிஞ்சும் வேகத்தில் குப்பை பறக்கிறது. ஸ்வீடன் தொழில்நுட்பமாம். சாப்பாட்டு இடைவேளைக்கு விரையும் ஒருவர் முகத்தில், மேலே எப்போதும் பார்க்கும் அந்தச் சிரிப்பு இல்லை. எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. மனிதர்கள்தானே!

ஒன்று சொல்லியாக வேண்டும். இந்தப் பின்பக்கமும் ஒத்திகை பார்த்த காட்சிதான். வழிகாட்டி எங்கே நிற்க வேண்டும், எந்த ஜோக்குக்கு நாம் சிரிக்க வேண்டும், எல்லாம் அளந்து வைத்தது. சம்பளம், ஷிஃப்ட், வெயிலில் கனத்த பொம்மை உடுப்புக்குள் நிற்கும் பாடு பற்றியெல்லாம் நான் போன அன்று பேச்சே வரவில்லை.

முதல்முறை போகிறவர்கள் இதற்குச் செலவு செய்ய வேண்டாம். பாதி நாள் போய்விடும், ரைடுகளை விட்டுவிட்டுப் புலம்புவீர்கள். ஏற்கெனவே சுற்றிப் பார்த்தவர்கள், 'இது எப்படி ஓடுகிறது?' என்று மனசு அரிக்கிறவர்கள் காலை நேர டூராகப் பார்த்து புக் செய்யுங்கள், மதிய வெயிலில் நடக்க முடியாது. அப்புறம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வெளியே இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது மச்சான்.